மேல்வீட்டுக்காரரை மறிக்க ஒரு தேர்தல்

1

முதலில் ஒரு வதந்தியைத் திருத்திவிடுகிறேன். நான் நோர்வே நாடாளுமன்ற உறுப்பினர் அல்ல. அமைச்சரும் அல்ல. ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறேன். தினமும் நிறையப் பேர் என் பின்னால் வருவது உண்மைதான். ஆனால் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிடுவார்கள்.

போன கிழமை ஊரிலிருந்து என் மனைவி வசந்தியின் தம்பி மிஸ்ட் கோல் கொடுத்தான். நான் வெளிநாட்டுக்குக் கதைக்கும் கோலிங் காட்டைச் சுரண்டி, அந்த நீளமான இலக்கத்தை எல்லாம் அமத்தி எடுத்தேன்.

"அத்தான், நீங்கள் அங்கை எலெக்சன் கேட்டு வெண்டிட்டியளாம். ஊரெல்லாம் கதை."

"ஓம், வெண்டது உண்மைதான்."

"எம்பியோ?"

"இல்லையடா. பள்ளிக்கூடம்."

"பள்ளிக்கூடத்துக்கும் எம்பி இருக்கே அங்கை?"

"அப்பிடி இல்லை. பள்ளிக்கூட நிர்வாகசபை. தாய் தேப்பன்மார் சேந்து ஆக்களைத் தெரிவு செய்யிறது."

பிறகு, "அப்ப சமாதானம் கதைக்க இஞ்சை வாற நோர்வேக்காரரை உங்களுக்குப் பழக்கமோ?" என்று கேட்டான்.

"அவையள் என்ரை பஸ்ஸிலை ஏறுறேல்லை."

"உங்களுக்கு எல்லாம் பகிடிதான் அத்தான். எதுக்கும் எங்கடை மூத்தவனுக்கும் ஒரு வழியைப் பாருங்கோ."

அதற்குள் கோலிங் காட்டில் நிமிடம் முடிந்துவிட்டது. அதனால் மிச்சத்தை உங்களுக்கு எழுதுகிறேன். அந்தத் தேர்தலில் வாக்களித்தவர்களின் தொகை, ஊரில் ஒரு சாதாரண செத்தவீட்டுக்கு வருகிறவர்களிலும் குறைவு. நான் அதில் வென்றேன். ஆனால் எதற்காக நின்றேனோ, அது கிடைக்கவில்லை. அது கிடைக்காமல் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம்.

2

நாங்கள் இருப்பது ஒஸ்லோவின் தெற்குப் பக்கத்தில், ஹவுகெட்டோ ரயில் நிலையத்துக்கு மேலே ஏறிப் போகும் தெருவில், ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தட்டு. எங்களுக்கு நேர் மேலே நான்காம் தட்டில் தவம் இருந்தான். தவராசா என்பது முழுப்பெயர். நோர்வேக்காரருக்கு வாயில் வராததால் அரைவாசியை அவனே வெட்டி எறிந்துவிட்டான்.

நானும் தவமும் இந்த நாட்டுக்கு ஒரே பனிக்காலத்தில் வந்து சேர்ந்தவர்கள். வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் ஒரே மேசையில் எதிர் எதிரே நின்று மீன் வெட்டினோம். அவன் கையில் என் கத்தி பட்ட தழும்பு இருக்கிறது. என் கையில் அவன் கத்தி பட்ட தழும்பு இருக்கிறது. இதைவிடப் பெரிய உறவுமுறை எனக்குத் தெரியாது. பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி வந்து, கலியாணம் கட்டி, ஒரே கட்டடத்தில் வீடு எடுத்தோம். அவனுடைய மகள் நிலானியும் என் மகள் ஆரணியும் ஒரே வருடம் பிறந்து, ஒரே வகுப்பில் படித்தார்கள். எங்கள் வீட்டில் பிட்டு என்றால் நிலானி கீழே வந்துவிடுவாள். அவர்கள் வீட்டில் பாஸ்தா என்றால் ஆரணி மேலே போய்விடுவாள். தவத்தின் மனைவி மஞ்சுளா தேத்தண்ணி போட்டால், வீட்டைச் சூடாக்கும் குழாயில் கரண்டியால் தட்டுவாள். அது கீழே கேட்கும். நாங்கள் போவோம்.

இப்போது மேலே ஓர் இளம் சோடி இருக்கிறது. ஒரு நாயும் இருக்கிறது. நல்ல பிள்ளைகள். நாயின் கால் நகம் பலகையில் படும் சத்தம் மட்டும் கேட்கும்.

பிரச்சினை பள்ளிக்கூடத்தில்தான் தொடங்கியது. இங்கே ஏழாம் வகுப்பு முடியும்வரை பிள்ளைகளுக்குப் புள்ளி கிடையாது. ஊரில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினைக்கு விடிய விடியப் படித்த எங்களுக்கு இது விளங்குவதே இல்லை. ஆரணிக்குப் பத்து வயதில் பன்னிரண்டாம் வாய்ப்பாடு தெரியாது. ஆனால் மழைக்குள் விறகு மூட்டத் தெரியும். வகுப்பாகக் காட்டுக்குப் போய்ப் பழகி வந்திருந்தாள். நான் ஒருநாள் பெற்றோர் சந்திப்புக்குப் போய், "வகுப்பில் என் மகள் எத்தனையாம் பிள்ளை?" என்று ஆசிரியையிடம் கேட்டேன். அவர், "ஆரணி மற்றப் பிள்ளைகளோடு மிகவும் அன்பாக இருக்கிறாள்" என்றார். நான் திரும்பவும் கேட்டேன். "மற்றவர்கள் பேசும்போது கவனமாகக் கேட்கிறாள்" என்றார். அந்தக் குணம் எனக்கும் வரட்டும் என்று சொல்கிறாரோ என்று ஒரு சந்தேகம் வந்தது. எழும்பி வந்துவிட்டேன்.

"என்னவாம்?" என்றாள் வசந்தி.

"நல்ல பிள்ளையாம்."

"அது எனக்குத் தெரியும். எத்தினையாம் பிள்ளையாம்?"

இப்படி இருக்கும்போது, ஒருநாள் தவம் பத்திரிகையோடு இறங்கி வந்தான். நாட்டிலே ஏதோ பரீட்சை வைத்து, பள்ளிக்கூடங்களை வரிசைப்படுத்திப் போட்டிருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தைத் தேட மேலேயிருந்து தொடங்கியது பிழை. கீழேயிருந்து தொடங்கியிருந்தால் உடனே கிடைத்திருக்கும்.

"பாத்தியே," என்றான் தவம். "பிள்ளையளுக்கு றாங் குடுக்கக்கூடாதாம். பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கலாமாம்."

"கடைசி இல்லைத்தானே. எங்களுக்குக் கீழையும் ஆக்கள் இருக்கினம்."

"பகிடி விடாதை. நாங்கள் லோரன்ஸ்கூக் பக்கம் ஒரு வீடு பாத்தனாங்கள். அங்கை பள்ளிக்கூடம் திறமாம். மஞ்சுளாவுக்கும் பிடிச்சிருக்கு."

லோரன்ஸ்கூக் என்பது ஒஸ்லோவுக்கு வெளியே, கிழக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். சொந்தப் புல்வெளியுள்ள வீடுகள். எங்கள் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். பத்திரிகையை மடித்து அவனிடமே கொடுத்தேன். வாய் வழக்கம்போலத் தன் வேலையைச் செய்தது.

"அங்கை பனி கூடவாம். நீ வழிச்சுக்கொண்டே கிடக்கப்போறாய்."

அந்தக் கிழமைதான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. நிர்வாகசபைக்குப் பெற்றோர் பிரதிநிதி ஒருவர் தேவை, விருப்பமுள்ளவர்கள் நிற்கலாம். அந்தச் சபைக்கு நோர்வேஜிய மொழியில் 'ட்ரிப்ட்ஸ்ஸ்தீற' என்று பெயர். முதல் தகுதி அதை உச்சரிப்பது என்று வைத்திருந்தால் நான் அங்கேயே தோற்றிருப்பேன். நான் படியேறிப் போய்த் தவத்திடம் சொன்னேன்.

"நான் நிக்கப்போறன். பள்ளிக்கூடத்தைத் திருத்திக் காட்டினா, நீ ஏன் போகவேணும்?"

"நீ திருத்தினா நான் ஏன் போறன்," என்று சிரித்தான்.

அவன் சிரித்ததை விட்டுவிட்டு, சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

3

என்னோடு போட்டிக்கு நின்றவர் மாரிட் என்ற நோர்வேஜியத் தாய். தாதி. அவருடைய மகளும் ஆரணியின் வகுப்புத்தான். உதைபந்தாட்டப் பயிற்சி முடிந்தால் ஆரணியையும் நிலானியையும் தன் காரில் ஏற்றிவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போகிறவர்.

"அந்த மனிசிக்கு எதிராவே நிக்கிறியள்?" என்று வசந்தி கேட்டாள். "அவ எத்தினை தரம் எங்கடை பிள்ளையை ஏத்திக்கொண்டு வந்தவ."

"எதிரா இல்லை. பக்கத்திலை நிக்கிறன்."

"உந்த வாயாலைதான் நீங்கள் வெல்லப்போறியள்."

தமிழ்ப் பெற்றோர் எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தேன். யாரும் மறுக்கவில்லை. "நீங்கள் நிண்டா நாங்கள் வராமல் விடுவமே?" என்றார்கள். "உவங்களுக்குப் படிப்பெண்டா என்னெண்டு காட்டுங்கோ" என்றார்கள். ஒருவர் மட்டும், கூட்டத்தில் சாப்பாடு இருக்குமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. வசந்தி ரோல்ஸ் செய்வதற்குச் சம்மதித்தாள்.

என் பேச்சை எழுதி, ஆரணிக்கு முன்னால் வாசித்துப் பார்த்தேன். அவள் சோபாவில் காலை மேலே போட்டபடி கேட்டாள்.

"அப்பா, இப்பிடி ஒருத்தரும் கதைக்கிறேல்லை."

"பிழையே?"

"பிழை இல்லை. ஆனா ராசாவுக்குக் கதைக்கிற மாதிரி இருக்கு." பிறகு முகத்தைக் குஷனுக்குள் புதைத்துக்கொண்டு, "ஃப்ளவுட்டா இருக்கும் அப்பா. என்ரை வகுப்புப் பிள்ளையள் எல்லாம் அங்கை வாஃபிள் விக்க நிப்பினம்" என்றாள்.

வெட்கக்கேடு என்பதற்கு எங்கள் பிள்ளைகள் வைத்திருக்கும் சொல் அது. ஆரணியின் அகராதியில் அந்தச் சொல்லுக்கு நேரே என் படம் இருக்கிறது.

4

தேர்தல் செப்டெம்பரில் ஒரு மாலை, பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் நடந்தது. நோர்வேஜியப் பெற்றோர் நேரத்துக்கு வந்து, ஆளுக்கு ஆள் ஒரு கதிரை இடைவெளி விட்டு இருந்தார்கள். எங்கள் ஆட்கள் கலியாணத்துக்கு வருகிற மாதிரிக் கொஞ்சம் பிந்தி, ஒன்றாக, சேலையும் வாசனையுமாக வந்து பின்வரிசையை நிரப்பினார்கள். தவமும் மஞ்சுளாவும் ஓரத்தில் இருந்தார்கள். பிள்ளைகள் வாசலடியில் வாஃபிள் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆரணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் என்று ரெக்டர், அதாவது தலைமை ஆசிரியர், சொன்னார். மாரிட் முதலில் பேசினார். கையைப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு கதைக்கிற மாதிரி. பிள்ளைகள் சந்தோசமாகப் பள்ளிக்கு வரவேண்டும், ஒரு பிள்ளையும் இடைவேளையில் தனியே நிற்கக்கூடாது, முற்றத்துக்கு நல்ல ஊஞ்சல் வேண்டும். இரண்டு நிமிடத்தில் போய் இருந்துவிட்டார்.

நான் எழும்பினேன். ஒரு மேடையில் எப்படித் தொடங்குவது என்று எங்களுக்கெல்லாம் சின்ன வயதிலேயே பழக்கிவிட்டிருக்கிறார்கள் அல்லவா? பெருமதிப்புக்குரிய ரெக்டர் அவர்களுக்கும், மாண்புமிகு ஆசிரியர்களுக்கும், அன்பார்ந்த பெற்றோருக்கும், வருகை தந்திருக்கும் பெரியோருக்கும், என்னோடு போட்டியிடும் அன்புச் சகோதரி மாரிட் அவர்களுக்கும், வாஃபிள் சுடும் எதிர்காலச் சந்ததியினருக்கும் வணக்கம் சொல்லி முடித்தேன். இவை அத்தனையும் நோர்வேஜிய மொழியில். ரெக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். வணக்கத்துக்கே நாலு நிமிடம் போயிருந்தது.

மிஞ்சிய நேரத்தில் விசயத்தைக் கொட்டினேன். வீட்டுப்பாடம் கூட வேண்டும். கிழமைக்கு ஒரு சோதினை வேண்டும். பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று தாய் தகப்பனுக்குத் தெரியவேண்டும். "காட்டில் வழி தவறினால் எப்படித் திரும்புவது என்று என் மகளுக்குத் தெரியும். கணக்கில் வழி தவறினால் தெரியாது" என்றேன். அதற்குச் சில நோர்வேஜியர் சிரித்தார்கள். நான் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பின்வரிசையில் பலத்த கைதட்டல். சென்னையிலிருந்து வந்து கம்பியூட்டர் கம்பனியில் வேலை செய்யும் ஒரு தம்பி எழும்பி நின்றே தட்டினார். "சூப்பர் சார், பாயின்ட் பாயின்ட்டா பேசினீங்க" என்றார். ஒரு பாயின்ட்தான் பேசினேன் என்பதை அவர் கவனிக்கவில்லை.

பிறகு வாக்கெடுப்பு. மாரிட்டுக்கு ஆதரவானவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார் ரெக்டர். முன்னால் கொஞ்சக் கைகள். பின்னால், எங்கள் ஆட்களின் கைகள் எல்லாம் உயர்ந்தன. எனக்குத் தலை சுற்றியது. அடுத்ததாக என் பெயரைச் சொன்னார். திரும்பவும் அதே கைகள்.

எங்கள் பழக்கம் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. எங்கள் சங்கங்களிலும் கோயில் சபைகளிலும் ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், எல்லோரும் கைதட்டி ஏகமனதாகத் தெரிவு செய்வோம். போட்டி வந்தாலே ஏதோ குடும்பச் சண்டை மாதிரி. இருவரும் முகத்துக்கு முன்னால் இருக்கும்போது ஒருவருக்குக் கை தூக்கி மற்றவருக்குத் தூக்காமல் விடுவது, பந்தியில் ஒருவருக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கிறவரைத் தாண்டிப் போவதைப் போல. மாரிட் வேறு அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

ரெக்டர் எண்ணி முடித்துவிட்டு, "மண்டபத்தில் இருக்கிற ஆட்களை விடக் கைகள் கூடவாக இருக்கின்றன" என்றார். ஆளுக்கு இரண்டு கை இருப்பது இயற்கைதானே என்று நான் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ஏனென்றால் வேறொன்றைக் கண்டுவிட்டேன். பின்வரிசையில் ஒரேயொருவர் மட்டும் இரண்டு தரமும் கை தூக்கவில்லை. தவம் தன் கைகளை ஜக்கற் பொக்கற்றுக்குள் விட்டபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடுதாசியில் பெயர் எழுதித் திரும்பவும் வாக்கெடுத்தார்கள். நான் வென்றேன். ஒரு கடுதாசி வெறுமையாக இருந்தது என்றும் ரெக்டர் அறிவித்தார். மாரிட் வந்து கையைக் குலுக்கினார். "நானும் உனக்குத்தான் எழுதினேன்" என்றார். "உங்களில் ஒருவர் எழும்பி நிற்கமாட்டாரா என்று எத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்."

ரோல்ஸ் முதலில் முடிந்தது நோர்வேஜியர் பக்கத்தில்தான்.

5

வீட்டுக்கு நடந்து வந்தோம். பெண்களும் பிள்ளைகளும் முன்னால். நானும் தவமும் பின்னால். மேப்பிள் இலைகள் நடைபாதையில் ஈரமாக ஒட்டிக்கிடந்தன.

"வெறுங் கடுதாசி ஆர் போட்டதெண்டு கண்டுபிடிக்கவேணும்," என்றேன்.

"நான்தான் போட்டனான்."

"எழுத்துக் கூட்டத் தெரியேல்லையோ? என்ரை பேர் நீளம் எண்டு ஒத்துக்கொள்ளுறன்."

அவன் சிரிக்கவில்லை. "உனக்கு எதிரா எழுத எனக்கு மனம் வரேல்லை. நீ வெல்லவேணும் எண்டு எழுதவும் மனம் வரேல்லை," என்றான். கொஞ்சத் தூரம் போனதும் மிச்சத்தைச் சொன்னான். "வீடு எழுதியாச்சுதடாப்பா. போன வெள்ளிக்கிழமை. பக்கத்து வீடும் விலைக்கு வருதாம். புரோக்கரிட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன், என்ரை சிநேகிதன் ஒருத்தன் எடுப்பான் எண்டு. நீ தோத்தா வருவாய் எண்டு நினைச்சன். வெண்டா ரெண்டு வருசம் உந்தப் பள்ளிக்கூடத்தோடை கட்டுப்பட்டுப் போவாய்."

நான் அவனை இங்கே மறிக்க நின்றேன். அவன் என்னை அங்கே இழுக்க இருந்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஏற்பாடு செய்திருந்தோம்.

"வசந்தியைக் கேட்டுப் பாக்கிறன்," என்றேன்.

"கேள். எனக்குப் பதில் தெரியும். எண்டாலும் கேள்."

6

வசந்தி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்தேன். அவள் பானையை நிமிர்த்தி வைத்தாள்.

"நான் இந்தியன் ஆமி வந்த காலத்திலை ஒருக்கா பெட்டி கட்டினனான். பிறகு ஷெல்லடிக்கு ஒருக்கா. பிறகு வன்னிக்கு. பிறகு கொழும்புக்கு. கொழும்பிலை மூண்டு வீடு. பிறகு இஞ்சை. இந்த வீட்டுக்குள்ளை வந்த அண்டைக்குச் சாமிக்கு முன்னாலை சொன்னனான், இனி என்ரை கையாலை ஒரு சட்டியைக் கடுதாசியிலை சுத்தமாட்டன் எண்டு."

"இது ஓட்டம் இல்லை, வசந்தி. வசதியான வீடு. பெட்டியை வானிலை ஏத்திக்கொண்டு போவாங்கள்."

"உங்களுக்கு விருப்பமெண்டா நீங்கள் போங்கோ. எனக்கு ஏலாது."

அவள் வேலை செய்யும் முதியோர் இல்லம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஆனால் அது காரணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

தவம் நவம்பரில் போனான். நான்தான் அவனுடைய குளிர்சாதனப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துப் படியிறக்கினேன். ஒவ்வொரு தட்டிலும் நின்று, "மிஸ்டர் போர்ட் மெம்பர், பாத்து" என்றான். நானும் பதிலுக்கு ஏதோ சொன்னேன். பிள்ளைகள் இரண்டு பேரும் வெறும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் மஞ்சுளா போய், இரண்டு பேருக்கும் முகங்கழுவிக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

7

நிர்வாகசபை எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். ஒரு மேசை. கோப்பி. ஒரு கேக். முதல் விடயம் காற்றோட்டம், இரண்டாம் விடயம் முற்றத்துத் தார், மூன்றாம் விடயம் பேன். தலையில் வரும் பேன்தான். கல்வித்தரம் எப்போதும் கடைசி விடயம். அது வருவதற்குள் கேக் முடிந்து ஆட்கள் ஜக்கற்றுக்குள் கை நுழைத்துவிடுவார்கள்.

ஆரம்பப் பள்ளியில் புள்ளி போடுவது பற்றி நான் கேட்டேன். அது நாட்டின் சட்டம், அதை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று ரெக்டர் பொறுமையாக விளக்கினார். ஆகவே வசந்தியின் தம்பி நினைத்ததில் பிழையில்லை. நான் எம்பிக்குத்தான் நின்றிருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கிடைத்தது. கிழமைக்கு இரண்டு நாள் பள்ளி முடிந்தபின் நூலகத்தைத் திறந்து வைத்து, வீட்டுப்பாடம் செய்ய உதவுவது. பெற்றோரே வந்து பார்க்கவேண்டும். மாரிட் ஒருநாள், நான் ஒருநாள். மாலைப் பஸ்ஸுக்குப் போகுமுன் சீருடையோடு போய் இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளை நினைத்துத்தான் அதைக் கேட்டு வாங்கினேன். வந்தது சோமாலியப் பிள்ளைகளும் பாகிஸ்தான் பிள்ளைகளும் இரண்டு மூன்று நோர்வேஜியப் பிள்ளைகளும். தமிழ்ப் பிள்ளைகளில் சிலருக்கு ஏற்கெனவே வேறிடத்தில் ரியூசன். மற்றவர்கள் தவத்தைப் போலவே ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஊர் முறையில் பிரித்தல் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன். ஹோடன் என்ற சோமாலியச் சிறுமி, "எங்கள் ரீச்சர் இப்படிச் செய்வதில்லை" என்று சொல்லி, என்னைத் திருத்துவாள். கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரே விடை வந்துவிட்டால் சந்தேகத்தோடு பார்ப்பாள். ஆரணி வருவாள். வேறு மேசையில் இருப்பாள்.

8

பாஸ்கு என்னும் ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகு, பனி வடிந்ததும், வீடு பார்க்க வரச் சொல்லித் தவம் எல்லோரையும் அழைத்தான். ஒஸ்லோ மத்திய நிலையத்தில் ரயில் மாறிப் போனோம். வசந்தி மடியில் வைத்திருந்த தட்டில் மோதகம் இருந்தது.

பெரிய வீடுதான். புல்வெளி இன்னும் பழுப்பாக இருந்தது. கூடத்துக்குள் காலடி வைத்ததும் தவம் என் தோளில் கையைப் போட்டு, "வந்திட்டார், எங்கடை போர்ட் மெம்பர்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். கைதட்டினார்கள். நான் சுற்றிப் பார்த்தேன். அந்த மண்டபத்தின் பின்வரிசை அப்படியே இங்கே இருந்தது. எனக்குக் கை தூக்கிய குடும்பங்கள். மாரிட்டுக்கும் தூக்கிய குடும்பங்கள்.

"உங்களைப் போல ஆக்கள் அங்கை இருக்கிறது எங்களுக்குப் பெருமை அண்ணை," என்றார் ஒருவர். அன்றைக்குச் சாப்பாடு இருக்குமா என்று கேட்டவர்.

"நீங்கள் இப்ப எங்கை இருக்கிறியள்?"

"நாங்கள் தையோடை இஞ்சாலை வந்திட்டம். ரெண்டு தெரு தள்ளித்தான். நீங்கள் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டிடாதேங்கோ. தரம் இப்ப கூடியிருக்குமே?"

வீட்டுப்பாட உதவி பற்றிச் சொன்னேன். எல்லோரும் மிகவும் நல்லது என்றார்கள். இன்னும் செய்யச் சொன்னார்கள்.

தவம் என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். "ஒருத்தருக்கும் சொல்லாதை," என்று குரலைத் தாழ்த்தினான். "இஞ்சையும் அதேதான். புள்ளி இல்லை. போன கிழமை நிலானியைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், கரடியின்ரை பீயைப் படிப்பிச்சு விட்டிருக்கிறாங்கள்."

"நல்ல பாடம்தானே. சோதினையிலை வந்தா எழுதுவாள்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். மஞ்சுளா புதுக் கோப்பையில், கீழே ஒரு தட்டமும் வைத்து, எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். "சீனி எத்தினை அண்ணை?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. ஆட்கள் நிறைய, பதற்றத்தில் மறந்திருப்பாள். "ரெண்டு" என்றேன்.

திரும்பி வரும்போது வசந்தி யன்னலோரம் இருந்தாள். ஆரணி எனக்கு எதிரே. மற்றப் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பா, நீங்கள் தவம் மாமாவைப் போகவேண்டாம் எண்டு சொன்னனீங்களோ?"

"அதுக்குத்தானே எலெக்சனிலையே நிண்டனான்."

"அது இல்லை. வாயாலை. போகாதேங்கோ எண்டு."

நான் யோசிக்கிற மாதிரி இருந்தேன். யோசிக்க ஒன்றுமில்லை. "இல்லை," என்றேன்.

"நான் நிலானிக்குச் சொன்னனான், போகாதை எண்டு. அவள் தன்ரை அப்பாவுக்குச் சொன்னவள், போகவேண்டாம் எண்டு அழுதவள். அதுக்கு மாமா சொன்னவராம், கீழ்வீட்டு மாமாவே ஒண்டும் சொல்லேல்லை, அவருக்கு அது பெரிய விசயமா இல்லைப் போலை எண்டு."

வசந்தி திரும்பி என்னைப் பார்த்தாள். இப்படியான நேரங்களுக்கென்று என் வாயில் எப்போதும் ஏதாவது இருக்கும். தேடினேன். எதிரே ஆரணி, பதில் வரும் என்று நினைத்தோ என்னவோ, இப்போது நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் ஒரு நிலையத்தில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பவும் வெளிக்கிட்டது. அவள் நிறைய நேரம் பொறுத்திருந்தாள். பிறகு யன்னலின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹவுகெட்டோ வந்தது. வசந்தி வெறுந் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பி, "இறங்குங்கோ" என்றாள். நான் அவர்களுக்குப் பின்னால் இறங்கினேன்.